டிரெய்லரோடு கேமரன் மலை ஏறுமுன் மூன்று முறை நிறுங்கள்

மலேசியாவில் தாப்பா பக்கம் தோட்ட வேலைக்குப் புதிதாக வந்து, பிக்கப்பும் டிரெய்லருமாகக் குடும்பத்தோடு கூடாரம் போடப் புறப்படும் தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். டிரெய்லரின் பதிவு, சாலைவரி, காப்புறுதி எல்லாவற்றையும் ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்துத் துறையில் கேட்டு முடித்துவிடுங்கள்.

எடை மேடைக்கு அலைய வேண்டாம். ஊரில் நெல் லாரியை நிறுக்கிற அதே மேடை இங்கே செம்பனை ஆலை வாசலில் இருக்கும். குலை லோரிகள் வரிசை கட்டும் நேரத்தில் போகாமல், முதல் நாளே ஆலைக் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்டு வையுங்கள்.

என் நண்பர் சென்ற ஆண்டு அப்படித்தான் நிறுத்தார். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 3,370 கிலோ. அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மலைப்பாதையில் ரிங்லெட் என்ற ஊரைத் தாண்டி இறங்கும்போது டிரெய்லரின் வால் ஆடத் தொடங்கியது. பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்க, டிரெய்லர் வடிகாலில் சாய்ந்தது. பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகள். யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றிரவு போனில் அவர் குரல் நடுங்கியது இன்னும் என் காதில் இருக்கிறது.

மொத்த எடை போதவே போதாது. முதலில் எல்லாவற்றையும் சேர்த்து நிறுங்கள். அப்புறம் டிரெய்லரைக் கழற்றாமல், அதன் சக்கரம் மட்டும் மேடைக்கு வெளியே நிற்கும்படி நகர்த்தி நிறுங்கள். கடைசியில் கழற்றிவிட்டு வண்டியை மட்டும்.

டிரெய்லரைப் பழுதுபார்த்த பிறகு அதே சாமான்களை ஏற்றி அவரும் நானும் இப்படி நிறுத்தோம். வண்டி தனியாக 2,420. டிரெய்லர் மாட்டியிருக்கும்போது 2,450. அதாவது 950 கிலோ டிரெய்லர், அதை வண்டியோடு மாட்டும் கொக்கியில் வெறும் 30 கிலோதான் அழுத்துகிறது! டிரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் அங்கே இறங்க வேண்டும்; குறைந்தால் வால் ஆடும். தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், அரிசி மூட்டை எல்லாம் அச்சுக்குப் பின்னால் இருந்ததுதான் காரணம். தொட்டியை முன்னால் மாற்றியதும் 2,530 காட்டியது, கொக்கியில் 110. இந்த 110-ஐயும் வண்டி சுமக்கும் பாரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொக்கிக்கென்று தனி வரம்பு உண்டு, அதையும் பாருங்கள்.

கிராணி அம்மா எங்களிடம் காசு வாங்கவில்லை. பிள்ளைகள் இறங்கப் போனபோது, "உக்காருங்கப்பா, உங்க எடையும் வேணும்ல" என்றார்.