வீட்டில் செய்த அலுமினிய ஹேண்டில்பாருக்குப் பூச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுமினியக் குழாயை வளைத்தோ வெல்டிங் வைத்தோ சொந்தமாக சைக்கிள் ஹேண்டில்பார் செய்பவர்கள் பலரும், அதன்மேல் பூசும் வேலையை மட்டும் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். ஸ்ப்ரே கேனை வாங்கி நேராக அடித்துவிட்டு, கை படும் இடமெல்லாம் உரிந்து வந்ததும் பெயிண்டைக் குறை சொல்கிறார்கள். விலை உயர்ந்த பெயிண்டாக இருந்தாலும் அது உரிந்துதான் இருக்கும். தவறு பெரும்பாலும் கேனைக் குலுக்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

அலுமினியம் காற்று பட்டவுடனே தன்மேல் ஓர் ஆக்சைடு படலத்தை உருவாக்கிக்கொள்ளும். சில நானோமீட்டர் தடிமன்தான். உலோகத்தை அரிப்பிலிருந்து காப்பது அதுதான். ஆனால் அந்த வழவழப்பில் சாதாரண பிரைமர் சரியாகப் பிடிக்காது. அமிலம் கலந்த எட்ச் பிரைமர் வேண்டும். அது மேற்பரப்பை லேசாக அரித்து இறுகப் பற்றிக்கொள்ளும். மெல்லிய ஒரு கோட் போதும். தடிமனாக அடித்தால் பிடிமானம் குறையும். மேலே அடிக்கப்போகும் பெயிண்ட் அதோடு ஒத்துப்போகுமா என்று டப்பாவில் பார்த்துவிடுங்கள். எபாக்ஸி வகைகள் சில எட்ச் பிரைமரின் மேல் நிற்காது.

அதற்கு முந்தைய வேலையில் வரிசை முக்கியம். முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் தின்னர் அல்லது அசிட்டோன், அதன் பிறகே உப்புத்தாள். பிசுக்கோடு தேய்த்தால் அந்தப் பிசுக்கு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தேய்த்துத் துடைத்தபின் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவினால் சரி. துளித்துளியாகப் பிரிந்து நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை. சுத்தம் செய்து உலர்ந்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் வூல் இரண்டும் வேண்டாம். இரும்புத் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, பூச்சுக்கு அடியில் அரிப்பைத் தொடங்கிவைக்கும். பழைய பூச்சை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் போடுவது அதைவிட மோசம். அது அலுமினியத்தையே கரைக்கும். எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும்.

தேய்க்கும் திசையைப் பலர் கவனிப்பதில்லை. சாலையில் ஒவ்வொரு குலுக்கலிலும் ஹேண்டில்பார் வளைந்து நிமிர்கிறது. அந்த இழுவிசை குழாயின் நீளவாக்கில் ஓடுகிறது. எனவே குழாயைச் சுற்றி விழும் குறுக்குக் கீறல்தான் விரிசலுக்கு வாசல். எஃகு விஷயத்தில், ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விசை இருந்தால் எத்தனை முறை வளைந்தாலும் தாங்கும் என்று சொல்லலாம். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. ஆகவே கடைசிச் சுற்றை 320 அல்லது 400 எண் தாளால், நீளவாக்கிலேயே தேய்த்து முடியுங்கள்.

பவுடர் கோட்டிங் நன்றாக உழைக்கும். ஆனால் குழாய் எந்த அலாய் (உலோகக் கலவை) என்று தெரியாமல் கொடுத்துவிடுவது பெரிய தவறு. பவுடரை உருக்கி இறுக வைக்க 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் 10 முதல் 20 நிமிடம் வரை சூடாக்குவார்கள். 6061 டி6 குழாய்க்கு (6061 என்பது அலாயின் எண், டி6 என்பது வெப்பத்தால் பதப்படுத்திய நிலை) அதன் வலிமையைத் தரும் பதப்படுத்தலே ஏறத்தாழ 160 முதல் 175 டிகிரியில், பல மணி நேரம் நடப்பது. ஒருமுறை சூளைக்குள் போய் வந்தால் பெரிய இழப்பு இல்லை. நிறம் பிடிக்கவில்லை என்று மறுபடி மறுபடி சுட்டாலோ, நேரம் தெரியாமல் உள்ளே விட்டாலோ வலிமை இறங்கும். 7075 டி6 ஏறத்தாழ 120 டிகிரியிலேயே பதப்படுத்தப்படுவது. அதற்குப் பவுடர் கோட்டிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயிண்டைச் சீக்கிரம் காயவைக்க டார்ச் காட்டுவதும் இதே ஆபத்துதான். வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றி வலிமை ஏற்கெனவே வெகுவாகக் குறைந்திருக்கும். எந்தப் பூச்சும் அதைத் திருப்பித் தராது.

தடிமனும் கணக்கில் வர வேண்டும். பவுடர் பூச்சு பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டத்தில் 0.2 மி.மீ. வரை கூடிவிடும். ஹேண்டில்பாரின் நடுவைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டெம்மின் 31.8 மி.மீ. கிளாம்புக்குள் அது பிதுங்கும். நாளாக ஆகப் பூச்சு நசுங்கி, போல்ட்டின் இறுக்கம் குறைந்து, வண்டி ஓட்டும்போதே ஹேண்டில்பார் சுழலக்கூடும். ஸ்டெம் பிடிக்கும் இடத்தையும் பிரேக் லீவர் உட்காரும் இடத்தையும் டேப் ஒட்டி மறைத்து, பூசாமல் விடுங்கள்.

அனோடைசிங், அதாவது அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தி ஆக்சைடு படலத்தைத் தடிமனாக வளர்க்கும் முறை, இதில் தடிமன் தொல்லை தராது. சாதாரண வகை 5 முதல் 25 மைக்ரான்தான். நிறம் ஏற்றியபின் கொதிநிலைக்கு அருகே இருக்கும் தண்ணீரில் வைத்து நுண்துளைகளை மூடாவிட்டால் நிறம் வெளுக்கும், கறை ஏறும். 4043 என்ற வகை வெல்டிங் கம்பியால் வெல்டிங் வைத்திருந்தால் அதில் உள்ள சிலிக்கானால் அந்த இடம் மட்டும் கருத்துத் தெரியும். அனோடைசிங் செய்வதாக இருந்தால் 5356 கம்பி நல்லது. தடித்த ஹார்டு அனோடைசிங் ஹேண்டில்பாருக்கு வேண்டாம். அந்தப் படலம் நொறுங்கும் தன்மை கொண்டது, அதில் தொடங்கும் வெடிப்பு உலோகத்துக்குள் இறங்கலாம்.

செலவு குறைவாக இருக்க வேண்டும் என்றால் என் தேர்வு எட்ச் பிரைமரும் மெல்லிய இரண்டு மூன்று கோட் ஸ்ப்ரே பெயிண்டும்தான். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே லீவரை மாட்டாதீர்கள். முழுதாக இறுக ஒரு வாரமாவது விடுங்கள். பளபளப்பாகப் பாலிஷ் செய்து மேலே கிளியர் கோட் அடிப்பது பார்க்க அழகு, ஆனால் பிடிமானமே இல்லாத பரப்பு அது, சீக்கிரம் உரியும். பாலிஷ் பிடிக்குமென்றால் மெழுகு தடவி அவ்வப்போது புதுப்பிப்பதே மேல். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டில் மூச்சைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க்கை நம்பி வீட்டில் அடிக்க வேண்டாம்.

கிரிப்புக்கும், பிடிப்புக்காக ஹேண்டில்பாரில் சுற்றும் டேப்புக்கும் அடியில் வியர்வை உப்பு தேங்கி அலுமினியத்தை அரிக்கும். கண்ணில் படாத இடம் என்று அங்கே பூசாமல் விடுபவர்கள் அதிகம். டேப் மாற்றும் ஒவ்வொரு முறையும் அங்கே வெள்ளைப் பொடியோ குழியோ இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெம் ஓரத்திலோ வெல்டிங் ஓரத்திலோ பெயிண்டில் மெல்லிய கோடு தெரிந்தால், அதன்மேல் இன்னொரு கோட் அடித்து மறைக்காதீர்கள். அந்த இடத்துப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்து, கோடு உலோகத்திலும் இருந்தால் அந்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிடுங்கள்.