ஆய்வக பயோசேஃப்டி பழகுவது எப்படி: முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கான வரிசை

பயோசேஃப்டி என்பது ஆய்வகக் கிருமி நம்மையோ வெளியே உள்ளவர்களையோ தொற்றாமல் காப்பது. கிருமிகளைக் கையாளும் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவருக்குப் பல இடங்களில் கிடைப்பது ஒரு தடித்த கையேடும், "படித்துப் புரிந்துகொண்டேன்" என்று கையெழுத்துப் போட ஒரு படிவமும்தான். கையெழுத்தால் தேர்ச்சி வராது. பதறும் நேரத்திலும் கை சரியாகச் செய்ய வேண்டும். அதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே உள்ள கைப்பழக்கப் பயிற்சிகள் எதற்கும் உயிருள்ள கிருமி வேண்டாம். தண்ணீர், கேசரிப் பவுடர் போன்ற உணவுச் சாயம், வெள்ளைத்தாள், ஷேவிங் ஃபோம் இருந்தால் போதும்.

1. ஒரே ஒரு வேலைக்கு ஆபத்து மதிப்பீடு எழுதுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக உயிரியல் பாதுகாப்புக் கையேடு 1983-இல் முதலில் வந்தது. 2020-இல் வந்த நான்காம் பதிப்பு, கிருமியின் பெயரைப் பார்த்ததும் 'இதற்கு இந்த பி.எஸ்.எல். (பயோசேஃப்டி நிலை) அறை' என்று முடிவுகட்டும் பழைய கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு, செய்யப்போகும் வேலையைப் பார்க்கச் சொல்கிறது. காசநோய்க் கிருமியையே எடுத்துக்கொள்ளுங்கள். சளியில் ஸ்மியர் (நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடியில் தடவும் மெல்லிய பூச்சு) தயாரிப்பதில் இருக்கும் ஆபத்து ஓரளவுதான். அதே கிருமியை வளர்த்து, மருந்து எதிர்ப்புச் சோதனைக்காகக் கலக்கும்போது காற்றில் எழக்கூடிய கிருமிகளின் அளவு பல மடங்கு.

நீங்கள் தினமும் செய்யும் ஒரு வேலையை எடுத்து, பத்துப் பதினைந்து சிறு செயல்களாக உடைத்து எழுதுங்கள்: மூடியைத் திறப்பது, உறிஞ்சுவது, வோர்டெக்ஸில் (குழாயை அதிரவைத்துக் கலக்கும் கருவி) கலக்குவது, சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) சுற்றுவது, கழிவைப் போடுவது. ஒவ்வொன்றுக்கும் நேரே நான்கு கேள்விகள்: நுண்திவலை எழுமா? தெறிக்குமா? குத்துமா, வெட்டுமா? வாய், கண்ணுக்குப் போகுமா? நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு கேடு என்பதையும் குறியுங்கள்.

புதியவர்கள் எழுதும் மதிப்பீட்டில் எல்லா வரிக்கும் எதிரே "கையுறை, மாஸ்க்" என்றே இருக்கும். அவை கடைசித் தடுப்பு. அதற்கு முன் கேட்க வேண்டியவை: இந்தச் செயலே தேவையா? ஊசிக்குப் பதில் வேறு கருவி உண்டா? மூடியுள்ள சென்ட்ரிஃப்யூஜ் பக்கெட்டை பயோசேஃப்டி கேபினட்டுக்குள்ளேயே (காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் வேலைப் பெட்டி) வைத்துத் திறக்கலாமா? இவற்றுக்குப் பதில் எழுதிய பிறகுதான் மாஸ்க்.

2. கேபினட்டில் சாயத் தண்ணீர்ப் பயிற்சி

இரண்டாம் வகுப்பு பயோசேஃப்டி கேபினட்டின் முன்வாயில் காற்று நொடிக்குச் சுமார் 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளே போகிறது. ஒருவர் சாதாரணமாக நடக்கும் வேகம் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே உங்கள் முதுகுக்குப் பின்னால் யாராவது வேகமாகக் கடந்தாலே அந்தக் காற்றுத்திரை கலைந்துவிடும். கதவைத் திறப்பதும் மின்விசிறி சுழல்வதும் அப்படித்தான்.

கேபினட்டை ஓடவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். முன் கிரில்லின் (காற்று உள்ளே போகும் துளைத்தட்டு) மேல் தாளோ நோட்டோ வைக்காதீர்கள். வைத்தால் பாதுகாப்பு போச்சு. கிரில்லிலிருந்து 10 சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி வேலை செய்யுங்கள். சுத்தமானவை ஒரு பக்கம், நடுவில் வேலை, கழிவு மறுபக்கம். கைகளை நேராக உள்ளே விட்டு ஒரு நிமிடம் பொறுத்து ஆரம்பியுங்கள். உள்ளே பன்சன் பர்னர் வேண்டாம். அதன் வெப்பம் காற்றோட்டத்தைக் குலைக்கும், ஃபில்டரையும் கெடுக்கும்.

இப்போது தளத்தில் வெள்ளைத்தாள் விரித்து, சிவப்புச் சாயத் தண்ணீரை 1 மில்லி வீதம் 20 குழாய்களுக்கு மாற்றுங்கள். முடிந்ததும் தாளிலும் கையுறையிலும் சட்டைக் கைநுனியிலும் உள்ள புள்ளிகளை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் மதிப்பெண். புள்ளிகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: பிப்பெட்டின் (திரவத்தை அளந்து உறிஞ்சி மாற்றும் கருவி) கடைசிச் சொட்டை வேகமாக அழுத்தி வெளியேற்றுவது. குமிழி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத திவலைகள் கிளம்பும். நுனியைக் குழாயின் உட்சுவரில் சாய்த்து மெல்ல வழியவிடுங்கள். தாள் வெள்ளையாகவே மிஞ்சும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

கையுறை கழற்றுவதற்கும் இதே மாதிரி ஒரு சோதனை. கையுறை போட்ட கைகளில் ஷேவிங் ஃபோம் பூசிக்கொண்டு கழற்றுங்கள். மணிக்கட்டில் நுரை ஒட்டியிருந்தால் முறை தவறு.

3. கொட்டினால் என்ன செய்வது

முதலில் பிளீச் (குளோரின் கிருமிநாசினித் திரவம்) கணக்கு. கொட்டியதைச் சுத்தம் செய்யப் பொதுவாக 0.5 சதவீதக் குளோரின் வேண்டும். பாட்டிலில் உள்ள சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்தால், ஒரு பங்கு பிளீச்சுக்குச் சேர்க்க வேண்டிய தண்ணீரின் பங்கு கிடைக்கும். 5 சதவீத பாட்டிலுக்கு 9 பங்கு தண்ணீர். 10 சதவீதத்துக்கு 19. 'ஒன்றுக்குப் பத்து' என்று மனப்பாடம் செய்தவர்கள் பாட்டில் மாறினால் தவறிவிடுவார்கள். கலந்த தேதியை எழுதி, அன்றன்றே புதிதாகக் கலக்குங்கள். வெயிலும் வெப்பமும் குளோரினைத் தின்றுவிடும். வெப்பநாடுகளில் சூடான ஸ்டோர் ரூமில் கிடக்கும் பாட்டிலின் லேபிளை நம்ப முடியாது. குளோரின் சோதனைப் பட்டை இருந்தால் பார்த்துவிடுங்கள்.

அலட்சியத்தின் விலை தெரிய வேண்டுமானால் சீனாவின் லான்ஷோவைப் பாருங்கள். 2019-இல் அங்கே ஒரு தடுப்பூசித் தொழிற்சாலை காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியது. வெளியேறிய காற்றில், கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா கிருமி கலந்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டறியப்பட்டது.

கேபினட்டுக்கு வெளியே கொட்டினால் வரிசை இது. மூச்சை அடக்கி, மற்றவர்களை எச்சரித்து எல்லோரும் வெளியேறுங்கள். கதவை மூடி அறிவிப்பு ஒட்டுங்கள். உடையில் பட்டிருந்தால் கழற்றி, தோலைக் கழுவுங்கள். திவலைகள் அடங்க 30 நிமிடம் காத்திருங்கள். பிறகு கவச உடையோடு உள்ளே போய், கொட்டிய இடத்தை டிஷ்யூவால் மூடி, கிருமிநாசினியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல ஊற்றுங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் அதுவே தெறிக்கும். தயாரிப்பு சொல்லும் நேரம் முழுக்க ஊற வேண்டும். ரத்தம் போன்ற புரதம் நிறைந்த திரவம் குளோரினைச் செலவழித்துவிடும், ஆகவே அவற்றை அள்ளியபின் இரண்டாம் முறையும் ஊற்றுங்கள். உடைந்த கண்ணாடியை எடுக்க இடுக்கி. கையால் ஒருபோதும் தொடாதீர்கள். பிளீச் நனைந்த கழிவை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவி) வைக்காதீர்கள், அமிலத்தோடோ அம்மோனியாவோடோ கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

50 மில்லி சாயத் தண்ணீரைக் கொட்டி, முன்னறிவிப்பில்லாமல் ஒத்திகை பாருங்கள். துப்புரவுப் பணியாளர்களும் அதில் இருக்க வேண்டும். இரவு நேரத்தில் கொட்டியதை முதலில் பார்ப்பவர்கள் அவர்களாக இருக்கக்கூடும். அவர்களுக்குத் தெரிந்த மொழியில் வழிமுறை சுவரில் இல்லையென்றால் அந்த ஆய்வகம் தயாராக இல்லை என்றே சொல்வேன்.

4. 'கொன்றுவிட்டேன்' என்பதற்கு ஆதாரம் வைத்திருங்கள்

ஆட்டோகிளேவ் டேப்பின் கோடு கறுத்தால் வெப்பம் பட்டது என்று மட்டும்தான் பொருள். பையின் நடுவே 121 டிகிரி போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர் (வெப்பம் தாங்கும் உறங்குநிலை வடிவம்) பட்டை வேண்டும். அதைப் பைக்கு நடுவில் வையுங்கள். பையை இறுக்கிக் கட்டினாலும், திணித்து அடைத்தாலும் நீராவி உள்ளே போகாது.

2014 ஜூனில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில், செயலிழந்ததாக நம்பிய ஆந்த்ராக்ஸ் கிருமி பாதுகாப்பு குறைந்த ஆய்வகங்களுக்குப் போனது. அடுத்த ஆண்டு அதே நாட்டின் டக்வே ராணுவத் தளத்திலிருந்து உயிருள்ள ஆந்த்ராக்ஸ் ஸ்போர்கள் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டிருந்தது தெரியவந்தது. இரண்டிலும், கொல்லும் முறையையும் அதைச் சரிபார்க்கும் சோதனையையும் அளவுக்கு மீறி நம்பியிருந்தார்கள்.

5. ஃப்ரீசரை எண்ணுங்கள்

கிருமி திருட்டுப் போகாமலும் தவறான கைக்குப் போகாமலும் காப்பது பயோசெக்யூரிட்டி. பூட்டு, கேமராவைவிட முந்தியது கணக்கு: என்ன இருக்கிறது என்று தெரியாதவருக்கு எது காணாமல் போனது என்றும் தெரியாது. 2014 ஜூலையில் அமெரிக்காவின் பெதஸ்டாவில் பழைய குளிர் அறை ஒன்றில் பெரியம்மை வைரஸ் குப்பிகள் கண்டெடுக்கப்பட்டன. 1950-களில் வைத்தவை. யாருடைய பதிவேட்டிலும் அவை இல்லை.

81 குழிகள் கொண்ட ஒரு பெட்டியை எடுத்து, இரண்டு பேராகப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்: பெயர், எண், குழி, வைத்தவர், தேதி, எடுத்தவர், அழித்த தேதி. பெயர் அழிந்த குப்பியைத் திறந்து பார்க்காதீர்கள், பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். தேவையில்லாததை முறைப்படி அழிக்கக் கேளுங்கள். உள்ளே எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

6. பதிவேடும் தேர்வும்

ஒவ்வொரு பயிற்சிக்கும் தேதி, பார்த்தவர் பெயர், புள்ளி எண்ணிக்கை, தவறிய இடம் ஆகியவற்றை எழுதுங்கள். விபத்தாகாமல் தப்பியவற்றையும் எழுதுங்கள். அதைச் சொன்னவரைத் தண்டிக்கும் ஆய்வகத்தில் அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இவை கைவந்தபின் ஐஎஸ்ஓ 35001 தரநிலையைப் படியுங்கள். 2019-இல் வந்தது, ஆய்வகத்தின் நிர்வாகமே உயிரியல் ஆபத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்வது. பிறகு சர்வதேச உயிரியல் பாதுகாப்புச் சங்கங்களின் கூட்டமைப்பான ஐ.எஃப்.பி.ஏ. நடத்தும் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். உங்கள் நிறுவனத்தில் உயிரியல் பாதுகாப்புக் குழு இருந்தால், அதன் கூட்டத்தில் பார்வையாளராக உட்கார அனுமதி கேளுங்கள்.

சாயத் தண்ணீர்ப் பயிற்சியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் செய்யுங்கள். தாளில் புள்ளி விழுந்தால், அது மறுபடி வெள்ளையாகும்வரை மாதிரிகளைத் தொட வேண்டாம்.