ஜூனிபர் வளர்க்க ஆசையா? முதலில் அளவைப் பாருங்கள்

ஜூனிபர் என்பது எப்போதும் பசுமையாக இருக்கும் ஊசியிலைச் செடி. நர்சரியில் ஜூனிபர் கன்றுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஓரடி உயரம், நீலமோ பச்சையோ பொன்மஞ்சளோ, அடர்த்தியாக, பார்க்க அழகாக. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் ஒன்று கணுக்கால் உயரத்தில் தரையோடு படர்ந்திருக்கும், இன்னொன்று சன்னலை மறைத்துக்கொண்டு பத்தடி அகலத்துக்கு நிற்கும். பெரிதானால் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். செம்பருத்தியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் துளிர்த்துவிடும்; ஜூனிபரை இலையில்லாத பழைய கட்டைவரை வெட்டினால் அங்கிருந்து மறுபடி துளிர்ப்பதில்லை. அதனால்தான் இந்தச் செடியில் பாதி வேலை வாங்கும்போதே முடிந்துவிடுகிறது என்கிறேன்.

படி 1: உங்கள் ஊருக்கு ஒத்துவருமா?

ஜூனிபர் பெரும்பாலும் குளிர்காலம் உள்ள நாடுகளின் செடி. கனடா, இங்கிலாந்து, அமெரிக்காவின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு போன்ற மிதமான ஊர்களில் சீன ஜூனிபர் வகைகள் நன்றாக வரும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் கொஞ்சம் போராட்டம்தான். ஆசை விடவில்லை என்றால் அங்கேயும் சீன ஜூனிபரை மட்டும் முயலுங்கள். நீலநிற வகைகளில் பணத்தைப் போடாதீர்கள்.

எந்த ஊரானாலும் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் உள்பக்கம் காய்ந்து, செடி மெலிந்து, நிறமும் மங்கிவிடும்.

படி 2: இடத்துக்கு ஏற்ற வகை

தரையை மூட வேண்டுமென்றால் ‘புளூ ரக்’. 1914இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், வைனல்ஹேவன் தீவில் கண்டெடுக்கப்பட்ட வகை இது. உயரம் அரையடியைத் தாண்டாது, ஆனால் ஆறேழு அடிக்குப் படரும். சரிவான மண்ணை அரிக்காமல் பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல செடி எனக்குத் தெரியவில்லை. ஜப்பானிலிருந்து வந்த ‘புரோகும்பென்ஸ் நானா’வும் இதே குணம்தான், ஓரடி உயரம் வரை எழும்பும். தொட்டியில் குட்டி மரம் வளர்க்கும் போன்சாய்க்காரர்கள் விரும்புவதும் இதைத்தான்.

தொட்டிக்கு என்றால் என் ஓட்டு ‘புளூ ஸ்டார்’ பக்கம். மெதுவாக வளர்ந்து இரண்டு மூன்று அடியில் நின்றுவிடும். நிமிர்ந்த வடிவம் வேண்டுவோர் ‘கம்ப்ரெஸ்ஸா’ எடுக்கலாம். வருடத்துக்கு ஓரிரு அங்குலம்தான் வளரும், பென்சில் போல ஒல்லியாக இருக்கும்.

உயரமான மறைப்பு வேண்டுமா? ‘ஸ்கைராக்கெட்’ பதினைந்து, இருபது அடி போகும், அகலம் மூன்று அடிக்குள் அடங்கும். ‘ஃபிட்சர்’ வகையை மட்டும் வாசலோரம் வைக்க வேண்டாம். ஐந்தடி உயரம், பத்தடி அகலம் கேட்கும் செடி அது. நடைபாதை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, பழுப்புக் கட்டை தெரிய நிற்கும் ஜூனிபர்களில் பல இந்த இனம்தான்.

வாங்கும்போது தொட்டியிலிருந்து லேசாக உருவி வேரைப் பாருங்கள். வேர் வெளிர் நிறத்தில், கெட்டியாக இருக்க வேண்டும். கறுத்து, கொழகொழவென்று நாற்றமடித்தால் வேண்டாம். செடியின் உள்ளே கொஞ்சம் பழுப்பு இலை இருப்பது இயல்பு, பழைய இலைகள் அப்படித்தான் உதிரும். நுனி பழுத்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 3: தரையில் நடுதல்

குழியின் அகலம் வேர்க்கட்டு (மண்ணோடு சேர்ந்த வேர்ப்பந்து) போல இரண்டு மூன்று மடங்கு, ஆழம் வேர்க்கட்டு அளவுதான். களிமண்ணாக இருந்தால் செடியை ஓரிரு அங்குலம் மேடாகவே வையுங்கள். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேர்களைப் பிரித்துவிடுங்கள், முடியாவிட்டால் நறுக்கிவிடுங்கள். எடுத்த மண்ணையே திருப்பிப் போட்டு மூடினால் போதும். குழிக்குள் உரத்தைக் கொட்டும் பழக்கம் இங்கே உதவாது. ஜூனிபர் ஏழை மண்ணிலும் பிழைக்கும், நீர் தேங்கும் மண்ணில் பிழைக்காது. மேலே இரண்டங்குலம் மூடாக்கு போடலாம், தண்டை ஒட்டாமல்.

படி 4: தொட்டியில் நடுதல்

பழைய தொட்டியைவிடச் சுற்றிலும் இரண்டங்குலம் பெரிய தொட்டி போதும். அடியில் ஓட்டை கட்டாயம். ஓட்டைமேல் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஈரம் ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில்தான் தங்கி நிற்கும். அதற்குப் பதில் கலவையையே பொலபொலவென்று ஆக்குங்கள்: சாதாரண தொட்டிக் கலவை இரண்டு பங்கு, பெர்லைட் அல்லது எரிமலைக் கல் துகள் ஒரு பங்கு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, இளவேனில் தொடக்கத்தில் தொட்டி மாற்றலாம். கடுங்குளிர் நாட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தரையில் உள்ள வேரைவிடத் தொட்டி வேர் வேகமாக உறையும், அதனால் தொட்டியைச் சுவரோரம் ஒதுக்கி வையுங்கள்.

போன்சாய் என்று விற்கும் குட்டி ஜூனிபருக்கும் இடம் வெளியே வெயிலில்தான். அதை வரவேற்பறை மேசையில் வைத்தால் சாகும். அதுவும் நமக்குத் தெரியாமல் சாகும், ஏனென்றால் வேர் போன பிறகும் இலை பல வாரம் பச்சையாகவே இருக்கும்.

படி 5: தண்ணீர்

முதல் வருடம் வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றுங்கள். தரையில் ஊன்றிய பிறகு நீண்ட வறட்சியில் மட்டும் கொடுத்தால் போதும். தொட்டிச் செடிக்கு நாள்கணக்கு வேண்டாம். விரலை இரண்டங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். இளவேனிலில் மெதுவாகக் கரையும் உரம் ஒரு பிடி, அவ்வளவுதான்.

படி 6: கத்தரியும் நோயும்

குளிர்காலக் கடைசியிலோ இளவேனிலிலோ, நீண்டுபோன கிளைகளை உள்ளே கையை விட்டு ஒவ்வொன்றாக நறுக்குங்கள். வெட்டும் இடத்துக்குக் கீழே பச்சை இலை மிச்சம் இருக்க வேண்டும். மேலே மட்டும் சீவினால் வெளியே சுவர் போல இலை அடைத்து, உள்ளே வெறும் குச்சியாகிவிடும்.

குளிரில் சில வகைகள் ஊதாவாகவோ வெண்கல நிறமாகவோ மாறும். பயப்பட வேண்டாம், வெயில் வந்ததும் பச்சையாகிவிடும். ஆனால் கோடையில் செடி சாம்பல் பூத்த மாதிரி மங்கினால் ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். நகரும் புள்ளிகள் விழுந்தால் சிலந்திப்பேன். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியே பெரும்பாலும் விரட்டிவிடலாம். அமெரிக்காவில் ஆப்பிள் மரம் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் கிழக்கத்திய சிவப்புச் செடார் எனப்படும் ஜூனிபரை நடாதீர்கள். ஒரே துரு நோய் இரண்டு மரங்களுக்கும் இடையே மாறி மாறி வாழ்கிறது; இளவேனில் மழையில் ஜூனிபர் கிளையில் ஆரஞ்சு நிறத்தில் கூழ்போலத் தொங்குவது அதுதான். அங்கே கிளைகளில் சின்னக் கூம்பு போல பைப்புழுக் கூடுகளும் தொங்கும். பலர் அதைக் காய் என்று விட்டுவிடுவார்கள். குளிர்காலத்திலேயே, முட்டை பொரிக்கும் முன், கையால் பறித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.