ஐந்து காலை எண்ணிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்

மனித முகம், காளை உடல், கழுகுச் சிறகு. இன்றைய வட இராக்கில் இருந்த பண்டைய அசீரியப் பேரரசின் அரண்மனை வாசல்களில் நின்ற இந்தக் காவல் உருவங்களின் படம் இணையத்தில் வந்தால், கீழே யாராவது ஒருவர் கால்களை எண்ணியிருப்பார். ஐந்து கால்! சிற்பி கணக்கில் கோட்டை விட்டுவிட்டான் என்று ஒருவர் சிரிப்பார், அது ஐந்து கால் விலங்கேதான் என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார்.

இரண்டுமே தவறு. இது நடுக்கூடத்தில் வைத்துச் சுற்றிப் பார்க்கச் செய்த சிலை அல்ல, வாசல் சுவரின் ஒரு பகுதி. எதிரே வருபவருக்கு இரண்டு முன்னங்கால்கள் மட்டும் தெரியும். காவலாள் அசையாமல் நிற்கிறான். வாசலுக்குள் நுழைந்து பக்கவாட்டில் பார்த்தால் நான்கு கால்கள். அதே காவலாள் நடக்கிறான். மூலையில் நின்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஐந்து. சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஐந்து கால் என்று எழுதிவிடலாமா? அதுவும் கூடாது. அசீரியத் தலைநகரங்களில், நிம்ருத்தில் மன்னன் இரண்டாம் அசுர்நசிர்பால் (ஆட்சி கி.மு. 883–859) வைத்தவற்றுக்கும் கோர்சாபாத்தில் பின்னால் வந்த மன்னன் இரண்டாம் சர்கோன் வைத்தவற்றுக்கும் ஐந்து. சர்கோனின் மகன் சென்னாகெரிப் நினிவேயில் வைத்தவற்றுக்கு நான்குதான்.

எல்லாம் காளை என்று நினைப்பதும் பரவலான பிழை. நிம்ருத்தில் சிங்க உடல் கொண்டவையும் உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் காளை ஒன்றும் சிங்கம் ஒன்றும் இருக்கின்றன.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'லமாசு' என்ற பெயர் இன்று நிலைத்துவிட்டது, அதைச் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் அசீரியர்கள் எழுதிய அக்காதிய மொழியில் லமாசு என்பது காக்கும் பெண் தேவதை. அதற்கு இணையான ஆண், ஷேடு. சென்னாகெரிப்பின் கல்வெட்டுகள் இந்தக் காளைகளை 'அலத்லம்மு' என்கின்றன. 'அசீரியர்கள் இவற்றை லமாசு என்றுதான் அழைத்தார்கள்' என்று அடித்து எழுதும்போதுதான் சிக்கல்.

அப்புறம், கைப்பைக் கதை. அரண்மனைச் சுவர்ப் புடைப்புச் சிற்பங்களில் சிறகுள்ள மனிதர்கள், கழுகுத் தலையர்கள் ஒரு கையில் சின்ன வாளியும் மறு கையில் கூம்பு போன்ற ஒன்றும் பிடித்திருப்பார்கள். வாளி 'ஹேண்ட்பேக்' ஆகிவிட்டது, மணிக்கட்டில் உள்ள பூ வடிவக் காப்பு கைக்கடிகாரம் ஆகிவிட்டது, கடைசியில் வேற்றுக்கிரகவாசிகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை, விடையை அந்த ஊர்க்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தரைக்கடியில் காவலுக்காகச் சிறு மண் பொம்மைகளைப் புதைக்கும் வழக்கம் மெசபொத்தேமியாவில் இருந்தது. எந்தப் பொம்மை கையில் எதைக் கொடுக்க வேண்டும் என்று சடங்கு ஏடுகள் வரிசையாகச் சொல்கின்றன. வாளியின் பெயர் பந்துத்து. கூம்பின் பெயர் முல்லிலு, அதாவது தூய்மை செய்வது. பிடித்திருப்பவர்கள் அப்கல்லு என்ற ஆதி ஞானிகள், அவர்களில் மீன் தோல் போர்த்தியவர்களும் உண்டு. கல்லில் பெரிதாகத் தெரிவதும் தரைக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பதும் ஒரே காவல் வேலைதான். நிம்ருத்தைத் தோண்டிய ஆங்கிலேய ஆய்வாளர் லேயார்டே 19ஆம் நூற்றாண்டில் கழுகுத் தலையரை பைபிளில் வரும் நிஸ்ரோக் என்ற தெய்வம் என்று தவறாக நினைத்தார் என்பதால், நம் ஆட்களை ரொம்பவும் கடிந்துகொள்ள மனம் வரவில்லை.

2015இல் ஐஎஸ் அமைப்பினர் நினிவேயின் நெர்கல் வாசல் காளைகளைச் சிதைத்ததையும் நிம்ருத் அரண்மனையை வெடி வைத்துத் தகர்த்ததையும் பார்த்து, எல்லாம் போய்விட்டது என்று எழுதுகிறார்கள். ஆனால் லண்டன், பாரிஸ், சிகாகோ, பாக்தாத் அருங்காட்சியகங்களில் இந்த உருவங்கள் நன்றாகவே நிற்கின்றன. சிகாகோவில் உள்ளது சுமார் 16 அடி உயரம், 40 டன் எடை. 2023இல் கோர்சாபாத் மண்ணிலிருந்து இன்னொரு காளை உடல் மறுபடி வெளியே வந்தது. தலை அங்கே இல்லை. 1990களில் திருடர்கள் அறுத்தெடுத்து, பின்பு மீட்கப்பட்டு பாக்தாதில் இருக்கிறது.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போக வாய்த்தால், கோர்சாபாத் காளையின் முகத்தை மட்டும் படமெடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். குனிந்து பீடத்தைப் பாருங்கள். 'இருபது கட்டம்' என்ற பழைய பலகை விளையாட்டுக்கான கட்டங்களை யாரோ கல்லில் கீறி வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று நின்று அலுத்துப்போன நிஜக் காவலாளிகளின் வேலையாக இருக்கலாம்.