தாக்லாவுக்குக் கைட் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு

சகாரா பாலைவனம் அட்லாண்டிக்கில் போய் முடிகிற இடத்தில், கடலுக்குள் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மணல் நாக்குதான் தாக்லா. அதற்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஒரு காயல். ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் போல வடக்கே, அந்தக் காயல் ஓரத்தில் கைட் முகாம்கள் இருக்கின்றன; பெரிய பட்டம் (கைட்) இழுக்க, பலகையில் (போர்டு) நின்று நீரில் சறுக்கும் விளையாட்டு இது. இடையில் மணலும் ஒரு தார் ரோடும்தான்.

முதலில் ஒரு கேள்வி. காற்றுக்கு எதிராக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரத் தெரியுமா? தெரியாதென்றால் ராமேஸ்வரம் பக்கம் போய்க் கற்றுக்கொண்டு அப்புறம் கிளம்புங்கள். முகாமிலும் சொல்லித் தருவார்கள், ஆனால் யூரோவில் காசு கட்டி, 25 நாட் (மணிக்கு 46 கிலோமீட்டர் போல) காற்றில் கைட்டின் பிடிகம்பைப் பிடிக்கக் கற்பது வீண்வேலை.

காற்று வருடம் முழுக்க உண்டு என்றாலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் உறுதி. வடக்கிலிருந்து வருகிறது, நம் மீனவர் கணக்கில் வாடை. உள்ளே பாலைவனம் காய்கிறது, வெளியே கடல் குளிர்ந்து கிடக்கிறது, அந்த வித்தியாசம் பிற்பகலில் காற்றை இன்னும் இழுக்கிறது. 75 கிலோ ஆளுக்கு 9 சதுர மீட்டர் கைட்தான் பெரும்பாலும் வேலை செய்யும். கூட ஒரு 7 இருக்கட்டும். 12 ஐத் தூக்கிப்போய்ப் பையிலேயே வைத்திருந்துவிட்டுத் திரும்பினவன் நான்.

பாலைவனம் என்றதும் அரைக்கால் சட்டையோடு போய்விடாதீர்கள். அந்தக் கரையை ஒட்டிக் குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது, தண்ணீர் 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், இரண்டு மணி நேரம் நனைந்தபின் வரும் காற்று எலும்பைத் தொடும். 3/2 வெட்சூட் (உடம்பில் 3, கை காலில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் உடை) அவசியம், சட்டெனக் குளிரும் உடம்பென்றால் 4/3. இரவுக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும். பகலில் உதடு வெடிக்கும், அதற்கொரு களிம்பு.

இனி பை. ஓ-ரிங் (ரப்பர் வளையம்), வால்வு, பிளாடர் (கைட்டுக்குள் காற்றடைக்கும் பை) ஒட்டுத் துண்டு, போர்டின் அடியில் இருக்கும் ஃபின் துடுப்புக்கான ஸ்க்ரூ, பம்பு குழாய் முனை, ஒரு உபரி லைன் (கைட் கயிறு), ஸ்க்ரூடிரைவர்: ஐம்பது கிராம் சாமான் இல்லாமல் மூன்று நாள் கரையில் உட்கார வேண்டி வரலாம். ஓடிப்போய் வாங்க முகாமுக்குப் பக்கத்தில் கடை இருக்குமென்று நம்ப முடியாது. விமானத்தில் போர்டு பை தாமதமாக வருவது சகஜம், எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. அதனால் வெட்சூட்டையும் ஹார்னஸையும் (கைட்டோடு இணைக்க இடுப்பில் கட்டும் வார்) கைப்பையில் திணித்துக்கொள்ளுங்கள், கைட்டும் போர்டும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும், நம் இடுப்புக்குப் பொருந்துகிற ஹார்னஸ் கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம்.

இந்திய பாஸ்போர்ட் என்றால் மொராக்கோ விசா வேண்டும். காசாபிளாங்காவிலிருந்து உள்நாட்டு விமானம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 1979 முதல் மொராக்கோவின் கட்டுப்பாட்டில் இருக்கும் மேற்கு சகாராவின் ஒரு பகுதி இது, உரிமை யாருக்கென்ற தகராறு இன்னும் தீரவில்லை, ஆகவே சாலையில் சோதனைச் சாவடிகள் உண்டு. பாஸ்போர்ட் நகல் நாலைந்து கையில் வையுங்கள், அரசியல் பேச்சை வளர்க்காதீர்கள். மொராக்கோ பணமான திர்ஹாமை அங்கே இறங்கித்தான் மாற்ற வேண்டும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். காயல் கண்ணாடி மாதிரி தட்டையாக இருப்பதால் தைரியம் அளவுக்கு மீறி வந்துவிடும். பல இடங்களில் காற்று கரையிலிருந்து சாய்வாக உள்ளே தள்ளுகிறது; லைன் அறுந்தால் நீங்கள் கரைக்கு வர மாட்டீர்கள், நடுக்காயலுக்குத்தான் போவீர்கள். மீட்புப் படகு எத்தனை மணிவரை இருக்கும் என்று முதல் நாளே கேளுங்கள், அது கிளம்பியபின் இறங்காதீர்கள். நீர் ஏற்றமும் வற்றமும் பெரிது. ஏற்றத்தில் நாலுபுறமும் தண்ணீர் சூழ நிற்கும் வெள்ளை மணல்மேட்டுக்கு வற்றத்தில் நடந்தே போகலாம், அப்போது சிப்பி காலை அறுக்கும், ரப்பர் செருப்பு போடுங்கள். அலை வேண்டுமென்றால் மறுபக்கம் அட்லாண்டிக் இருக்கிறது, அது பழகினவர்களுக்கு.

தினமும் இறங்குமுன் குவிக் ரிலீஸை (ஆபத்தில் கைட்டைக் கழற்றிவிடும் பிடி) ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பொடிமணல் உள்ளே போய் இறுக்கிவிடும், ஒரு மக் நல்ல தண்ணீர் ஊற்றினால் சரியாகும். மக் என்றால் ஒரு மக்தான், முகாமுக்கு நல்ல தண்ணீர் லாரியில் வருகிறது.

சாப்பாட்டில் மீனும் அங்கேயே வளர்க்கும் சிப்பியும் உண்டு. சைவர்கள் ஊறுகாய் கொண்டு போங்கள். சஹ்ராவி மக்கள் தேநீர் கொடுத்தால் மூன்று கிளாஸ் வரும், ஒன்றோடு எழுந்துவிடாதீர்கள்.

கடைசி நாள் சவாரியைக் காலையிலேயே முடித்துக் கைட்டைக் காயவைத்து, மணலை உதறி மடியுங்கள். ஈரமும் மணலுமாகச் சுருட்டி விமான நிலையத்தில் தராசில் வைத்தபோது என் பை இரண்டு கிலோ கூடியிருந்தது, அதற்கும் காசு கேட்டார்கள்.