மாசி வெயிலுக்குச் செட்டிநாடு: சின்னப் பிள்ளைகளோடு ஊர் தேர்ந்தெடுப்பது எப்படி?

தை பாதி கழிந்ததும் எங்கள் பக்கம் வானம் பளிச்சென்று வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை வடிந்து, கண்மாய்களில் இன்னும் தண்ணீர் நிற்கும். விடியலில் லேசான பனி, பத்து மணிக்கு நல்ல வெயில், சாயங்காலம் காற்று. ஆறு வயதுக்குள் பிள்ளைகள் இருக்கிற வீட்டார், "வெயிலாவும் இருக்கணும், பிள்ளை வாடவும் கூடாது, எங்கே போகலாம்?" என்று கேட்டால் தயங்காமல் செட்டிநாட்டைச் சொல்வேன். ஆனால் எந்த மாதம், எந்த ஊர், எந்த வீடு என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிள்ளையோடு முதன்முதலாக வெளியூர் கிளம்புகிறவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் பிள்ளையின் நாளை எழுதுங்கள்

படம் பார்த்து ஊரை முடிவு செய்யாதீர்கள். ஒரு தாளை எடுத்து, உங்கள் பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறது, எப்போது சாப்பிடுகிறது, பகலில் எப்போது தூங்குகிறது, சாயங்காலம் எந்த நேரத்தில் சிணுங்கத் தொடங்குகிறது என்று எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டு இடைவெளிதான் தேறும்: காலை ஏழிலிருந்து பத்தரை வரை, மாலை நாலிலிருந்து ஆறரை வரை. ஊர் சுற்றுவதெல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். நடுவில் இருக்கும் ஐந்தாறு மணி நேரம் தங்கும் இடத்தில்தான் கழியும்.

இப்போது மனதில் இருக்கும் ஊர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பார்க்கும் இடங்கள் அரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றனவா? நடுப்பகலில் பிள்ளை நிழலில் ஓடியாட இடம் இருக்கிறதா? அது சாப்பிடக்கூடிய சாப்பாடு கிடைக்குமா?

கொடைக்கானல் அழகுதான். ஆனால் மலைப்பாதை வளைவுகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் குமட்டும். பிப்ரவரி இரவுகளில் அங்கே நல்ல குளிரும் உண்டு. ராமேஸ்வரத்தில் கடல் இருக்கிறது. ஆனால் தனுஷ்கோடி மணலில் ஒதுங்க நிழல் இல்லை, அந்தக் கடலில் பிள்ளையை இறக்கவும் முடியாது. செட்டிநாடு சமதளம். வளைவில்லாத சாலைகள், ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும் ஊர்கள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள் சேர்ந்த வட்டாரம் இது. காரைக்குடியை நடுவில் வைத்துக்கொண்டால் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி எல்லாமே அரை மணி நேரச் சுற்றுக்குள் வந்துவிடும்.

படி 2: மாதத்தை முடிவு செய்யுங்கள்

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இங்கே பிப்ரவரியில் பகல் உச்சம் 31, 32 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். மார்ச்சில் 34, 35 ஆகும். சித்திரை வந்துவிட்டால் பெரியவர்களே பகலில் வெளியே தலைகாட்ட யோசிப்பார்கள். தை பாதி கழிந்ததிலிருந்து மாசி முடியும் வரை, அதாவது பிப்ரவரி முழுவதும் மார்ச் முதல் பாதியும், சரியான காலம்.

பள்ளிக்கூடத்தில் இன்னும் சேராத பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது கைகொடுக்கும். மூத்தது பள்ளிக்குப் போகிறதென்றால் பொங்கல் விடுமுறையைப் பாருங்கள்; வெயில் அப்போது இன்னும் மிதம். அந்த வாரத்தில் சிராவயல் போன்ற ஊர்களில் மஞ்சுவிரட்டு நடக்கும். மாடுகளைக் கட்டவிழ்த்து வெட்டவெளியில் ஓடவிடுவார்கள். கைப்பிள்ளையோடு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி பங்குனித் திருவிழா பெரிய விழா. பால்குட நாளில் ஊரே தெருவில் இருக்கும். பார்க்க வேண்டிய விழாதான், ஆனாலும் தள்ளுவண்டியோடு வருகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது. தேதியை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: வந்து சேரும் வழி

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் எழும்பூரில் பிற்பகலில் கிளம்பி இரவில் காரைக்குடி சேரும். பகல் ரயில் என்பதால் பிள்ளை நடக்கலாம், ஜன்னலில் வேடிக்கை பார்க்கலாம். விமானத்தில் வருகிறவர்களுக்கு மதுரை, திருச்சி இரண்டுமே சுமார் 90 கிலோமீட்டர். மதுரை வழியாக வந்தால் நடுவில் கீழடி அருங்காட்சியகத்தில் நிறுத்தலாம். 2023 மார்ச்சில் திறந்த அந்தக் கட்டடத்தையே செட்டிநாட்டு வீட்டின் பாணியில்தான் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைக்குக் கால் நீட்ட இடமும் கிடைக்கும், வரப்போகும் வீடுகளுக்கு ஒரு முன்னோட்டமாகவும் இருக்கும்.

வாடகைக் காரில் குழந்தை இருக்கை பெரும்பாலும் இருக்காது. வைத்திருப்பவர்கள் சொந்த இருக்கையைக் கொண்டுவாருங்கள்.

படி 4: வீட்டைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் பயணத்தின் உயிரே இதுதான். பிள்ளையின் பாதி நாள் தங்கும் இடத்தில் கழியப்போவதால், அறையைவிட வீட்டின் அமைப்பை விசாரியுங்கள்.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்னால் திண்ணை வைத்த முகப்பு, அதைத் தாண்டினால் வளவு (நடுவில் திறந்த முற்றமும் சுற்றித் தாழ்வாரமும் உள்ள பகுதி), பிறகு இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, கடைசியில் அடுப்படி. வாசலிலிருந்து பார்த்தால் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோடாகத் தெரியும். அந்த நேர்கோட்டில் காற்று ஓடும், முற்றத்தின் வழியாகச் சூடு மேலே போய்விடும். கனமான சுவர், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு, காலுக்குக் குளிர்ச்சியான தரை. மாசி மாத நண்பகலில் வெளியே வெயில் கொளுத்தும்போது, வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் பாய் விரித்து ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தூங்க வைக்கலாம். மூத்தது தூண்களுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடும். பர்மாத் தேக்குத் தூண் ஒன்றைக் கட்டிப்பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கையும் சேருகிறதா என்று பார்ப்பதே பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு. முற்றத்துத் தரையில் வெயில் நகருவதைக் காட்டி நேரம் கற்றுக்கொடுக்கலாம். ஓர் அறையும் குளிர்சாதனமும் இருந்தால் போதும் என்று நினைத்து வருகிறவர்கள் இதையெல்லாம் இழந்துவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம்.

பழைய வீடுகள் பல இப்போது தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. கானாடுகாத்தானில் விசாலம், காரைக்குடியில் 'பங்களா' என்ற விடுதி, திருமயம் பக்கம் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் ஆகியவை பெயர் பெற்றவை. வாடகை குறைவான வீடுகளும் உண்டு. எதுவானாலும் பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் இவற்றைக் கேளுங்கள்:

– தரைத்தளத்தில் அறை உண்டா? பழைய வீட்டு மாடிப்படிகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும்.
– முற்றம் தாழ்வாரத்தைவிட எவ்வளவு தாழ்வு? தவழும் பிள்ளை உருளுகிற இடம் அதுதான்.
– நீச்சல் குளமோ கிணறோ இருந்தால் வேலி, மூடி உண்டா?
– இரவு பத்து மணிக்குப் பால் காய்ச்ச அடுப்படி திறந்திருக்குமா?
– மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா?

வந்து இறங்கியதும் பெட்டியைத் திறப்பதற்கு முன் வீட்டை ஒரு முறை பிள்ளையின் உயரத்தில் உட்கார்ந்து பாருங்கள். நிலைப்படிகள் உயரமானவை, தடுக்கும். தேக்குக் கதவு கனமானது. விரல் நசுங்காமல் ஒரு துணியைச் செருகி வையுங்கள். மெருகேறிய தரையில் காலுறையோடு ஓடினால் வழுக்கும், வெறுங்காலே பாதுகாப்பு. ஊருக்கு நடுவில் ஊரணி (படிக்கட்டு வைத்த குளம்) இருக்கும். படி இறங்கிப் பார்க்க எல்லாப் பிள்ளைக்கும் ஆசை வரும். கையைப் பிடித்தபடிதான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

படி 5: ஒரு வேளைக்கு ஓர் இடம்

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்குமேல் வேண்டாம்.

ஆத்தங்குடியில் பூக்கல் (தரையில் பதிக்கும் பூப்போட்ட வண்ணக் கல்) செய்கிற பட்டறைகளைக் காலையில் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை என்பேன். கண்ணாடித் துண்டின்மேல் சட்டத்தை வைத்து, பூ வடிவத்தில் வண்ணக் குழம்பை ஊற்றி, சட்டத்தைத் தூக்குவார்கள். மேலே மணலும் சிமெண்டும் கலந்து போட்டு அழுத்துவார்கள். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். கண்ணாடி பட்ட முகம்தான் கல்லின் மேல்முகம், அந்த மினுமினுப்பு அதிலிருந்து வருவது. சூளை கிடையாது, சூடு கிடையாது. ஒரு கல் உருவாவதைப் பிள்ளை சில நிமிடத்தில் முழுதாகப் பார்த்துவிடும். ஈர சிமெண்டைத் தொடவிடாதீர்கள், பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும். அதே ஊரில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் பெரிய வீடு ஒன்றும் உண்டு.

கானாடுகாத்தான் தெருக்களில் மாலையில் நடந்தாலே போதும். அகலமான நேர்த்தெரு, போக்குவரத்துக் குறைவு. மூன்று சக்கர சைக்கிள் கொண்டுவந்திருந்தால் அங்கே ஓட்டவிடலாம். பல வீடுகள் இன்றும் குடும்பத்தாரின் உபயோகத்தில் இருப்பவை, கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் திறப்பார்கள். கதவு திறந்திருக்கிறதே என்று நுழையாமல் காவலரிடம் கேளுங்கள். காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தெருவிலிருந்து பார்த்து, பிள்ளையை ஜன்னல் எண்ணச் சொல்லலாம்.

பிள்ளையார்பட்டிக்கு விடிந்ததும் போங்கள். குன்றைக் குடைந்த குகைக்குள், ஆறடி உயரத்தில், இரண்டே கையோடு, துதிக்கை வலப்பக்கம் வளைந்த பிள்ளையார். குகைக்குள் இடம் குறுகல். சதுர்த்தி, ஞாயிறு என்றால் கூட்டத்தில் பிள்ளை திணறும். இன்னொன்று: கோயில் பிராகாரக் கல் பத்து மணிக்கே சுடும், வெறுங்காலில் பிள்ளை துள்ளும். தூக்கிக்கொண்டு நடக்கிற தெம்பு இல்லாவிட்டால் ஒன்பதுக்குள் வெளியே வந்துவிடுங்கள். குன்றக்குடிக்கும் இதே கணக்கு. மலை சின்னதுதான், மயில் வடிவம் என்பார்கள். நான்கு வயதுப் பிள்ளை தானாகவே படி ஏறிவிடும்.

திருமயம் கோட்டை ஐந்து வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு. 1687இல் சேதுபதி மன்னர் கட்டியது. உச்சியில் பீரங்கி, சுற்றிலும் நாற்புறமும் தெரியும் நாடு. பாறை வழுக்கும், எல்லா இடத்திலும் கைப்பிடி இல்லை. பாதி வழியில் பாறைக்குள் இருக்கும் சிவலிங்க அறைக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். பெரியவர்களில் ஒருவர் கீழே பிள்ளையோடு நிற்கட்டும். திறந்ததும் போய், வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள்.

பிப்ரவரி முதல் பாதியில் வந்தால் திருப்பத்தூரைத் தாண்டி வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். குஞ்சுகள் பயப்படும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டி மக்கள் காத்துவைத்திருக்கிற இடம் அது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, அங்கே மெல்லப் பேசச் சொல்லுங்கள், கேட்பார்கள். மாசி கடைசியில் பறவைகள் கிளம்பிவிடும்.

மேகமூட்டமாக இருந்தாலோ, பிள்ளைகள் வீட்டில் அடங்காவிட்டாலோ புதுக்கோட்டை திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகம். பாடம் செய்த விலங்குகள் சின்னவர்களை நிறுத்திவைக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை.

படி 6: சாப்பாடு

செட்டிநாடு என்றால் காரம் என்று பயந்து பெட்டி நிறையப் பிஸ்கட் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. வேண்டாம். இங்கே பலகாரத்தில் பாதி பிள்ளைகளுக்கென்றே அமைந்தது. இடியாப்பத்தில் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும். வெள்ளைப் பணியாரம், துவையல் இல்லாமல். வெல்லம் போட்ட கந்தரப்பம். பாலில் ஊறிய பால் பணியாரம், பல் முளைக்கிற வயதுக்கும் மெத்தென்று இருக்கும். கும்மாயத்தில் பருப்பு, கருப்பட்டி, நெய் மூன்றும் இருக்கிறது, வயிறு நிற்கும். கறுப்பு நிறக் கவுனி அரிசியை மட்டும் நன்றாகக் குழைய வேகவைத்ததா என்று கேட்டுக் கொடுங்கள்.

காரத்தைக் குறைக்கச் சொல்வதற்கும் ஒரு நேரம் உண்டு. பரிமாறும்போது சொல்லிப் பயனில்லை. காலைப் பலகாரம் முடிந்ததும் அடுப்படிக்கே போய், "ஆச்சி, பிள்ளைக்கு மிளகு மிளகாய் சேக்காம கொஞ்சம் பருப்பும் ரசமும் தனியா எடுத்து வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். மசாலா அரைக்கும் முன் கேட்டால் எந்த ஆச்சியும் முகம் சுளிக்க மாட்டார். நெய்யும் கூடவே வரும்.

படி 7: பையில் வைப்பவை

தொப்பி, முழுக்கை பருத்திச் சட்டை, கொசுவலை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கோயில் கல்லுக்குத் தடித்த காலுறை, வழக்கமாகக் கொடுக்கும் காய்ச்சல் மருந்து. கண்மாயும் ஊரணியும் நிறைந்த ஊர் என்பதால் அந்தி சாய்ந்ததும் கொசு வரும். ஆறு மணிக்கே முழுக்கை மாற்றிவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு வெயில் என்று தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை, தாய்ப்பால் அடிக்கடி கொடுத்தால் போதும். அந்த வயதில் வெயில் களிம்பைவிட நிழலே சரி. நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடம்கூடப் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. மாசி வெயிலிலும் கார் உள்ளே சீக்கிரம் கொதித்துவிடும்.

எத்தனை நாள் என்றால், மூன்று இரவு. முதல் நாள் வீட்டோடு பழக, அடுத்த இரண்டு நாள் பார்க்க. திரும்பும் பல்லவன் காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பிவிடும். கானாடுகாத்தானில் தங்கினாலும் கடைசி இரவை மட்டும் காரைக்குடியில் ரயிலடிக்குப் பக்கமாக எடுத்துக்கொண்டால், தூங்கும் பிள்ளையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வண்டி ஏறிவிடலாம்.