மலை ஏரியும் புல்வெளியும்: ஒளி மாறுவதற்குள் படம் எடுப்பது எப்படி

உயரமான மலைகளில் நல்ல ஒளி பெரும்பாலும் நிமிடக் கணக்கில்தான் நிற்கும். மேகம் விலகிய இடைவெளியில் புல்வெளியின் ஒரு மூலை பளிச்சென்று ஒளிரும். டிரைபாடை விரித்து முடிப்பதற்குள் அது மங்கிவிடும். எனவே முன்புறத்தில் எது வர வேண்டும், எந்த லென்ஸ், எந்த அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஃபோகஸ் எங்கே என்பதையெல்லாம் ஒளி வருவதற்கு முன்பே முடிவு செய்து வைத்துவிட வேண்டும். அதற்கு முந்தைய நாள் மதியமே இடத்துக்குப் போய் நடந்து பார்ப்பது நல்லது. மதிய ஒளியில் படம் தேறாது, ஆனால் இடம் தெளிவாகப் புரியும்.

இடம் பார்க்கும்போது சூரியன் எந்த முகட்டுக்குப் பின்னால் மறையும் என்று கணக்குப் போடுங்கள். நாட்காட்டியிலும் செயலியிலும் வரும் உதய, அஸ்தமன நேரம் சமவெளிக்கானது. நாற்புறமும் மலை சூழ்ந்த ஏரிக்கு வெயில் ஒரு மணி நேரம் தாமதமாக வரலாம், அதேபோல் முன்னதாகவே போய்விடலாம். கையை முழுதாக நீட்டி, முகட்டுக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல்கள் அடங்குகின்றன என்று எண்ணுங்கள். ஒரு விரலுக்கு ஏறக்குறைய 15 நிமிடம். துருவத்தை நோக்கிப் போகப் போகச் சூரியன் சாய்வாக இறங்குவதால், அங்கே இந்த நேரம் இன்னும் நீளும்.

காற்று எழுவதற்கு முன் ஏரி

இரவில் குளிர்ந்த காற்று சரிவுகளில் வழிந்து இறங்கும். விடியும் வேளையில் அது ஏறக்குறைய அடங்கிவிடும். வெயில் பட்டுச் சரிவுகள் சூடானதும் காற்று மேல்நோக்கி ஏறத் தொடங்கும், நீரில் சுருக்கம் விழும். ஏரி கண்ணாடியாகக் கிடப்பது அநேகமாக இந்த இடைவெளியில்தான். உதயத்துக்கு 45 நிமிடம் முன்பாவது டிரைபாடு நின்றிருக்க வேண்டும். தாமதமாகிவிட்டால் பெரிய ஏரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாறைகளுக்குப் பின்னால் ஒதுங்கிய மூலை, கரையோரக் குட்டை, புல் சூழ்ந்த சிறு தேக்கம் எதிலாவது நீர் இன்னும் அசையாமல் இருக்கும். இரண்டடி அகலக் குட்டை போதும், கேமராவைத் தாழ்த்தி வைத்தால் அதற்குள் ஒரு சிகரமே அடங்கிவிடும்.

தாழ்த்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரதிபலிப்பில் தெரிவது, கேமரா நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு கீழே இருந்து பார்க்கும் காட்சி. கண் உயரத்தில் கேமராவை வைத்தால், எதிர்க்கரையின் மேடோ மரமோ தூரத்துச் சிகரத்தின் பிம்பத்தை மறைத்துவிடலாம். நேரில் முழுச் சிகரமும் தெரிகிறதே, நீரில் மட்டும் ஏன் வெட்டுப்படுகிறது என்று குழம்புவது இதனால்தான். கேமராவை நீரிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள். மறைந்த பகுதியில் கணிசமானது திரும்பி வரும்.

வெயில் முதலில் சிகரத்தின் தலையில் படும், ஏரியும் கரையும் நிழலில் கிடக்கும். இரண்டுக்கும் இடையே நான்கைந்து ஸ்டாப் வித்தியாசம் சாதாரணம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). பிம்பம் நிஜத்தைவிட ஒன்றிரண்டு ஸ்டாப் இருண்டிருக்கும், ஏனெனில் விழும் ஒளியில் ஒரு பங்கு நீருக்குள் போய்விடுகிறது. கிராஜுவேட்டட் என்.டி. ஃபில்டர் (மேல்பாதி மட்டும் இருண்டு ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) போடுவதானால் 2 ஸ்டாப், மென்மையான விளிம்பு, அதன் கோடு எதிர்க்கரையில். 3 ஸ்டாப் போட்டால் பிம்பம் வானத்தைவிட வெளிச்சமாகிவிடும். இயற்கையில் அப்படி நடப்பதில்லை, பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் கண் உறுத்தும். ஃபில்டர் இல்லையென்றால் 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்துப் பிறகு இணைக்கலாம். இணைக்கும்போதும் இதே சோதனை: பிம்பம் ஒருபோதும் நிஜத்தை மிஞ்சக் கூடாது.

போலரைசரை (பளபளப்பையும் பிரதிபலிப்பையும் குறைக்கும், சுழற்றக்கூடிய ஃபில்டர்) ஏரியில் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கத் திருப்பிவிடாதீர்கள். நீர்ப்பரப்பிலிருந்து 37 டிகிரி அளவில் கீழ்நோக்கிப் பார்க்கும் இடத்தில்தான் அதன் விளைவு உச்சம். தூரத்து நீரை நாம் மிகச் சாய்வாகப் பார்க்கிறோம், அங்கே அது பெரிதாக வேலை செய்யாது. இதைச் சாதகமாக்கிக்கொள்ளலாம். வளையத்தை மெல்லத் திருப்பினால், காலடிக் கூழாங்கற்கள் துலங்கும் கட்டத்திலும் தூரத்துச் சிகரத்தின் பிம்பம் அப்படியே நிற்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். 24 மி.மீ.க்குக் குறைந்த அகல லென்ஸில் போலரைசர் போட்டால் நீலவானத்தின் நடுவே ஒரு கருந்திட்டு விழும். உயரத்தில் வானம் ஏற்கெனவே அடர்நீலம், முழுக்கத் திருப்பினால் கறுத்தே போகும்.

பனியாறு அரைத்த பாறைத்தூள் மிதக்கும் பச்சைநீல ஏரிகளுக்கு மட்டும் நேரக்கணக்கு தலைகீழ். விடியலில் கரையில் நின்றால் நீர் வானத்தைத்தான் காட்டும், தன் நிறத்தைக் காட்டாது. சூரியன் உச்சிக்கு ஏறிய பிறகு மேலேயுள்ள சரிவில் ஏறி, கீழ்நோக்கிப் பாருங்கள். ஒளி நீருக்குள் இறங்கி, தூளில் பட்டுத் திரும்பி வரும்போதுதான் அந்த நிறம் எழுகிறது. போலரைசரை முழுமையாகப் பயன்படுத்த வேண்டிய இடமும் இதுவே.

காற்று எழுந்த பிறகும் ஏரியை விட மனமில்லையா? 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் (முழுவதும் இருண்ட கண்ணாடி) போட்டால் 1/60 விநாடி ஏறக்குறைய 17 விநாடியாகும். சுருக்கங்கள் கலந்து பட்டுத்துணிபோல ஆகும், சிகரத்தின் நிறம் மட்டும் அதில் ஊறித் தெரியும். முன்புறத்தில் புல்லை வைக்காமல் பாறையை வையுங்கள், 17 விநாடியில் புல் குழம்பிவிடும்.

புல்வெளியும் பூக்களும்

இங்கே எதிரிகள் இருவர்: ஆழமும் காற்றும். ஒன்றைச் சமாளிக்கப் போனால் மற்றது கெடும், அதனால் இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) 20 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் எஃப்/11, ஃபோகஸ் 1.2 மீட்டரில் என்றால் சுமார் 60 செ.மீ. முதல் அடிவானம் வரை கூர்மையாக வரும். 24 மி.மீ.யில் ஃபோகஸ் 1.8 மீட்டர், கூர்மை 90 செ.மீ.யிலிருந்து. இது வழக்கமான கணக்கு. பெரிய அளவில் அச்சிடுவதானால் முகடுகள் கொஞ்சம் மெத்தென்று தெரியும், ஃபோகஸைச் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது. பூ 25 செ.மீ. தூரத்தில் இருந்தால் ஒரே படத்தில் முடியாது. எஃப்/22க்கு ஓடாதீர்கள், சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மழுங்கும். ஃபோகஸை அருகிலிருந்து தூரத்துக்கு நகர்த்தி நான்கு முதல் ஆறு படங்கள் எடுத்து இணைப்பதே வழி.

அப்படி எடுக்கும்போது பூ அசைந்தால் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும், மென்பொருள் அதை இரட்டைத் தண்டாக ஒட்டிவைக்கும். பூ இருக்கும் படத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 800, ஷட்டர் 1/250 விநாடி. மற்றவற்றை ஐ.எஸ்.ஓ. 100இல் நிதானமாக எடுக்கலாம். மெல்லிய காற்றுக்கு 1/125 போதும், பலமாக அடித்தால் 1/500 வேண்டும். காற்று தொடர்ந்து ஒரே வேகத்தில் வீசுவதில்லை, அலை அலையாக வரும். அது வரும் திசையில் தூரத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டிருங்கள். புல் நிமிர்ந்தால் சில விநாடிகளில் உங்கள் பூவும் நிற்கும்.

கேமராவை எவ்வளவு தாழ்த்துவது? தரையோடு தரையாக வைத்தால் முன்வரிசைப் பூக்கள் சுவர்போல எழுந்து புல்வெளியையே மறைக்கும். நின்ற உயரத்தில் பூக்கள் புள்ளிகளாகச் சிதறும். தரையில் தொடங்கி மெதுவாக உயர்த்துங்கள். முன்னால் இருக்கும் கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவே பச்சை இடைவெளி தெரியும் இடமே சரி. பெரும்பாலும் அது 40, 50 செ.மீ.யில் வரும். ஈரநிலத்தில் டிரைபாடின் கால்களை உறுதி தட்டும் வரை அழுத்துங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், இரண்டு விநாடி டைமரில் எடுங்கள்.

சூரியனை எதிரே வைத்தால் இதழ்கள் உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல ஒளிரும். லென்ஸ் ஹூடு மட்டும் போதாது, நிழல் லென்ஸின் முகத்தில் விழும்படி உள்ளங்கையால் மறையுங்கள்.

ஒரு படத்துக்காகப் பூக்களுக்குள் நடந்து போகக் கூடாது. உயரத்தில் செடி வளரக் கிடைப்பது ஆண்டில் சில வாரங்கள்தான், மிதித்த தடம் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். பாறை மேல் நில்லுங்கள், இருக்கும் தடத்தில் நில்லுங்கள். குறுக்கே நிற்கும் தண்டைப் பிய்க்காமல் பையின் வாரால் ஒதுக்கிப் பிடித்து, எடுத்தவுடன் விட்டுவிடுங்கள்.

ஓடும் மேகம், மூடுபனி, மழை

மேகநிழல் ஓடும் நாள்தான் புல்வெளிக்கு மிகச் சிறந்தது, முழு நீலவானத்தைவிட எவ்வளவோ மேல். இதற்கு மேனுவல் எக்ஸ்போஷர் (ஒளி அளவுகளை நாமே அமைப்பது) கட்டாயம். ஆட்டோவில் விட்டால் நிழல் வரும்போது கேமரா படத்தை வெளுப்பாக்கும், வெயில் திட்டு மீண்டும் விழும் கணத்தில் அது வெந்துபோகும். வெயில் ஒரு முறை புல்லில் விழும்போது அளந்து, ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் ஒளி வரைபடம்) வலது ஓரத்தைத் தொடாதபடி பூட்டிவிடுங்கள். பிறகு நிழல் எவ்வளவு கறுத்தாலும் மாற்றாதீர்கள். ஒளித்திட்டு காட்சியைக் கடக்கும்போது பத்துப் படங்கள் எடுங்கள். எதில் முன்புறம் இருண்டு நடுவெளி மட்டும் ஒளிர்கிறதோ, அதுதான் பெரும்பாலும் நிற்கும்.

வெள்ளைச் சமநிலையை (படத்தின் நிறச்சாயலை) 5500 கெல்வினில் நிறுத்தி, ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலத் தரவாக) எடுங்கள். ஆட்டோ விடியலின் பொன்னிறத்தைக் கழுவிவிடும், அடுத்தடுத்த படங்களும் ஒட்டாது. பனிப்பாளம் படத்தில் பெரிதாக வந்தால் கேமராவின் ஒளி அளவீடு அதைச் சாம்பலாக்கும், 1 முதல் 1.7 ஸ்டாப் கூட்டுங்கள். மூடுபனிக்கு 0.7 முதல் 1. மூடுபனியில் ஆட்டோஃபோகஸ் தேடித் தேடி அலையும், ஒரு பாறை விளிம்பில் பிடித்தவுடன் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

வானம் வெறும் சாம்பலாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஓடை, பாசி, ஈர இலைகள், 70-200 மி.மீ. லென்ஸில் அடுக்கடுக்கான முகடுகள் போதும். மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்தால் முதுகைச் சூரியனுக்குக் காட்டி நில்லுங்கள். சூரியன் 42 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் சமதரையில் நிற்பவருக்கு வானவில் தெரியும். முழு வளைவுக்கு 20 மி.மீ. விளிம்போடு விளிம்பாக இருக்கும், 16 மி.மீ. தாராளம். போலரைசர் இருந்தால் திருப்பிப் பாருங்கள், தவறான கோணத்தில் அது வானவில்லையே அழித்துவிடும்.

முற்பகலிலேயே மேகங்கள் காலிஃபிளவர்போல மேல்நோக்கி வளர்ந்தால் பிற்பகலில் இடி வர வாய்ப்பு அதிகம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவானால் உடனே இறங்குங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் திரும்பி வராதீர்கள். திறந்த புல்வெளியிலும் ஏரிக்கரையிலும் உயரமான பொருள் நீங்கள்தான். தனிமரம் அடைக்கலமாகாது. முடி சிலிர்த்தாலோ உலோகம் ரீங்கரித்தாலோ டிரைபாடைப் போட்டுவிட்டு விலகுங்கள்.

தூறலில் ஒவ்வொரு ஐந்தாறு படத்துக்கும் லென்ஸின் முகத்தைப் பாருங்கள். ஒரே துளி அகல லென்ஸில் முழு வரிசையையும் கெடுக்கும். மைக்ரோஃபைபர் துணி மூன்று நான்கு எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் வையுங்கள், ஒன்று நனைந்தால் மற்றது உலர்ந்திருக்கும். உபரி பேட்டரிகளை உள்சட்டைப் பையில் உடலோடு ஒட்டி வையுங்கள். குளிரில் வேகமாகத் தீர்ந்ததுபோல் காட்டும் பேட்டரி, சூடேறினால் கொஞ்சம் மீளும். கூடாரத்துக்கோ அறைக்கோ திரும்பும்போது, வெளியே நிற்கும்போதே கேமராவைக் காற்றுப்புகாத பையில் போட்டு மூடுங்கள். உள்ளே வந்தபின் ஒன்றிரண்டு மணி நேரம் திறக்காமல் விட்டால் ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், லென்ஸுக்குள் போகாது. படங்களை அன்றே பார்க்க வேண்டுமென்றால் மெமரி கார்டை வெளியிலேயே எடுத்துவிடுங்கள்.